இலை எழுதும் பேரேடு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

அடியேன் விஞ்ஞானம் கற்றவன் அல்லன்; மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் கணக்கெழுதும் குமாஸ்தா. சில மாதங்களுக்கு முன் என் மகள், இலை காற்றைச் சர்க்கரையாக்கும் பாடத்தை இந்தியில் ஒப்பித்துவிட்டு, "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, அப்பா?" என்றாள். விடையின்றி நாணினேன். பிறகு படித்தறிந்ததையே இன்று சொல்ல வந்தேன்.

காற்றின் பத்தாயிரம் பங்கில் கரியமிலவாயு ஏறக்குறைய நான்கு பங்குதான். அது இலையின் நுண்துளைகள் வழியே உட்புகுகிறது. அங்கே ஐந்து கரியணுக்கள் கொண்ட ஒரு பொருள் காத்திருக்கிறது. வந்த ஒன்று அதனோடு சேர ஆறாகிறது. ஆறு உடனே மூன்று மூன்றாகப் பிளந்து அமிலமாகிறது. அவ்வமிலத்தைச் சர்க்கரையாக்கும் ஆற்றலைப் பச்சையம் சூரிய ஒளியிலிருந்து பெற்றுத் தருகிறது. அவ்வேலையில் நீர் பிளவுபட்டு, நாம் சுவாசிக்கும் பிராணவாயு வெளிப்படுகிறது.

இதனை எவ்வாறு கண்டனர்? நாம் ஒரு வாகனில் சுண்ணாம்புக் குறியிட்டு, அது எந்தெந்த நிலையங்களைக் கடந்தது என்று அறிவதில்லையா? அதுபோலவே கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் கால்வின், பென்சன், பாஷம் முதலிய அறிஞர்கள், 1940-ல் கண்டறியப்பட்ட கதிரியக்கக் கரியை அடையாளமாகக் கொண்டனர். அதனைப் பச்சைப் பாசிக்கு ஊட்டி, சில விநாடிகளில் பாசியைச் சூடான சாராயத்தில் விழச் செய்து, வேலையை அவ்விடத்திலேயே நிறுத்தினர். அதன் சாற்றைத் தாளில் பிரித்துப் புகைப்படச் சுருளின்மேல் வைத்தபோது, கரி சென்ற இடமெல்லாம் கரும்புள்ளியாய்ப் பதிந்தது. மிகக் குறைந்த நேரத்தில் நிறுத்தியபோது, பெரும்பகுதி அந்த மூன்று கரியணு அமிலத்திலேயே இருந்தது. 1961-ல் நோபல் பரிசு கால்வின் ஒருவருக்கே கிடைத்தது. உடன் உழைத்தோர் அதில் பங்கு பெறவில்லை.

இனி, என்னை வியக்க வைத்த கணக்கு. மூன்று கரியமிலவாயு வரவானால், மூன்று கரியணுச் சர்க்கரைத் துண்டுகள் ஆறு கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றே லாபம். கரும்பின் இனிப்பும், நெல்லின் மாவும், வேம்பின் கட்டையும் அதிலிருந்தே உண்டாகின்றன. எஞ்சிய ஐந்தும் மீண்டும் ஐந்து கரியணுப் பொருளாக மாறி முதலில் சேர்கின்றன. அவற்றையும் இலை செலவிட்டுவிட்டால், அடுத்து வரும் காற்றை ஏற்க ஆளிராது. வெயில் காய்ந்தும் பயனில்லை.

அன்பர்களே! நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இவ்வாண்டு பிள்ளைகள் குறைந்துவிட்டனர். விழாவும் விருந்தும் நமக்கு லாபம், அவ்வகுப்போ முதல். என் மகளின் கேள்விக்கு நான் விடை தேடியதுபோல, நாளை அவள் பிள்ளைக்கு அவள் தமிழில் விடை சொல்ல வேண்டாமா? வரும் ஞாயிறன்று உங்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். என் மகளும் அங்கிருப்பாள்.