பள்ளிக்கூடத்துக்குப் பொருள் சேர்க்கும் விதம்

(ஸ்ரீரங்கத்தில் கூடிய கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)

  

கணக்குப் பார்ப்பது என் உத்தியோகம். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்படி உங்கள் காரியதரிசி கேட்டார். அதுவும் கணக்கைச் சேர்ந்த விஷயமாதலால் சம்மதித்தேன்.

கூரை ஒழுகினாலும் பெஞ்சி முறிந்தாலும் நம்மவர் கைக்கொள்ளும் வழி ஒன்றே. தலைக்கு இவ்வளவு என்று விதித்துப் பிள்ளைகளிடமே சொல்லியனுப்புகிறோம். திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவரும், கொள்ளிடக்கரையில் கூலிக்கு வாழைத்தார் வெட்டுகிறவரும் ஒரே தொகை கொடுக்கவேண்டியதாகிறது. கொடுக்க முடியாதவர் பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நிற்கிறது. பிறகு வருவதையே நிறுத்திவிடுகிறது. அந்தப் பிள்ளைக்காகவன்றோ கூரை! அன்றியும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் குடியானவர் கையில் காசு ஏது? அறுவடையான தை மாதத்தில் கேட்பதே முறை. நாடகம் போட்டுப் பணம் சேர்ப்பதையும் நான் மெச்சுவதில்லை. பந்தலுக்கும் விளக்குக்கும் போக மிஞ்சுவது சொற்பமே.

விருதுநகரைப் பாருங்கள். 1889-ஆம் வருஷம் அவ்வூர் நாடார் சமூகத்தார் க்ஷத்திரிய வித்யாசாலாவை ஸ்தாபித்தார்கள். வியாபாரிகள் தங்கள் சரக்கின்பேரில் மகிமை என்னும் தொகை கொடுத்தார்கள். வீடுதோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். காமராஜர் இளமையில் படித்தது அப்பள்ளியிலேதான். ஒரு பிடி யாருக்கும் பாரமல்ல. கலந்துவிட்டபின் எது எவர் வீட்டு அரிசி என்பதும் தெரியாது. இந்த ஏற்பாட்டின் நயமெல்லாம் இதில்தான் இருக்கிறது. ஆகவே விற்ற தொகையை வீதிவாரியாக எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள், வீட்டுவாரியாக எழுதவேண்டாம்.

பணமாகவே கொடுக்கவேண்டும் என்பதுமில்லை. 1958-இல் கல்வி இலாகா டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊரார் மேஜை, நாற்காலி, கரும்பலகைகளாகவே கொடுத்தார்கள்.

சங்கத்தின் லாபம் எங்கே போகிறது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டத்திலேயே, கால்பாகம் ரிசர்வ் நிதிக்குப் போனபின் மிச்சத்தில் நூற்றுக்குப் பத்து வரையில் ரிஜிஸ்திரார் அனுமதியுடன் தர்ம காரியங்களுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தது. கல்வியும் அதில் அடக்கம். இப்போது நடப்பது 1983-ஆம் வருஷத்துச் சட்டம். அதையும் உபவிதிகளையும் பார்த்தே தீர்மானம் செய்யவேண்டும்.

வசூலான பணம் எவ்வளவு யோக்கியருடைய வீட்டிலும் ஓர் இரவுகூடத் தங்கலாகாது. அன்றே பள்ளி மேலாண்மைக் குழுவின் பாங்கிக் கணக்கில் சேரவேண்டும். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் ஸ்திரீகள். பிடி அரிசிக் கணக்கு அவர்கள் கையிலிருந்தால் தணிக்கைக்கு என்னைப் போன்றவர் வரவேண்டியதில்லை.

அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் இவ்விஷயத்தைச் சேர்க்கும்படி காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறேன். உபவிதிப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம்.