ஆட்டம் பார்க்க பஸ் எதற்கு?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், மாணவர் கலைப்பயணம் பற்றிய தீர்மானத்தின் மீது உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் எல்லா ஃபிளாட்காரர்களுக்கும் நன்றி. தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் என்று மூன்றும் பேசி முடித்த பிறகு நாலாவதாக இந்தப் பொருள் வந்திருக்கிறது. எல்லோருக்கும் பசிக்கும். பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை படிக்கிற நம் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போய், கொங்குப் பக்கத்துப் பாட்டையும் ஆட்டத்தையும், அதை ஆடுகிறவர்களிடமே பழக வைக்கலாம் என்பது யோசனை. ஆண்டு விழாவில் டிஜேவுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கு இதற்கு வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஆட்டம் பார்க்க பஸ் எதற்கு? எல்லாம்தான் யூடியூபில் கிடக்கிறதே?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டுத் திரும்பி வருவோம். டொமினிகன் குடியரசு என்று ஒரு நாடு. கரீபியன் கடலில் ஒரு தீவு. மேற்குப் பக்கம் ஹெய்ட்டி, கிழக்குப் பக்கம் இது. ஸ்பானிஷ் பேசுகிற ஜனங்கள். பனியன் தொழிலில் இருக்கிற நமக்கு இந்தப் பெயர் புதிதில்லை. இருபத்தைந்து வருஷம் மெர்ச்சண்டைசர் வேலை பார்த்தவன் நான். அமெரிக்க பையர் கொண்டுவந்து மேஜையில் போடுகிற சாம்பிள் டி-ஷர்ட்டின் கழுத்து லேபிளில் அந்த நாட்டின் பெயர் இருக்கும். 1969இல் லா ரொமானா என்ற ஊரில் முதல் ஏற்றுமதி மண்டலம் தொடங்கி, அமெரிக்காவுக்குத் துணி தைத்து அனுப்பிய நாடு அது. 2005 ஜனவரி முதல் தேதி உலக அளவில் கோட்டா முறை முடிந்தது நினைவிருக்கும். இங்கே புதுப்புது ஷெட்டுகள் எழும்பிய அந்தக் காலத்தில், அங்கே தையல் வேலையில் இருந்த பலருக்கு வேலை போனது. ஆக அவர்களும் நம்மைப் போலத் தைத்துப் பிழைத்தவர்கள்தான்.

ஆனால் வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் அந்த நாட்டுக்குப் போவது துணி பார்க்க இல்லை. இசையும் நடனமும் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். மெரெங்கே, பச்சாத்தா என்று இரண்டு. மெரெங்கேயில் மூன்று கருவிகள் முக்கியம். தம்போரா என்று இரண்டு முகமுள்ள மேளம். ஒரு கையில் குச்சி, இன்னொரு கை வெறும் உள்ளங்கை. நம் தவிலில் ஒரு கையில் குச்சியும் மறு கை விரல்களில் கூடும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குய்ரா; தகரத்தில் நெருக்கமாகப் புள்ளி குத்தி உருளையாக வளைத்தது, கேரட் துருவுகிற துருவியைப் பார்த்த மாதிரியே இருக்கும். அதைக் கம்பியால் உரசினால் தாளம். மூன்றாவது அக்கார்டியன். அது அந்த மண்ணின் கருவி இல்லை. வடக்கே சிபாவோ பகுதியில் புகையிலை வாங்க வந்த ஜெர்மன் வியாபாரத்தோடு 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. மேளத்தில் ஆப்பிரிக்கா, பாட்டின் மொழியில் ஸ்பெயின், துருத்தியில் ஜெர்மனி. மூன்று கருவியில் ஒரு நாட்டின் சரித்திரமே இருக்கிறது.

பச்சாத்தாவின் கதைதான் நாம் கவனிக்க வேண்டியது. அந்தச் சொல்லுக்கு முதலில் கொல்லைப்புறத்தில் கூடிப் பாடி ஆடுகிற கூட்டம் என்றுதான் பொருள். கிடார் வைத்துக்கொண்டு ஏழைபாழைகள் பாடிய காதல் தோல்விப் பாட்டு. 1930 முதல் 1961 வரை அந்த நாட்டை ஆண்ட சர்வாதிகாரி த்ருஹியோ, மெரெங்கேயைத் தேசிய இசை என்று தூக்கி வைத்தார். பச்சாத்தாவுக்கு அந்த மரியாதை இல்லை. அவர் போன பிறகு 1962இல் ஹோசே மனுவேல் கால்தெரோன் என்பவர் முதன்முதலாக ரெக்கார்டு செய்தார். அப்புறமும் ரொம்ப வருஷம், சாராயக்கடைப் பாட்டு, கிராமத்தான் பாட்டு என்று மதிப்பான வீடுகளில் அதைக் கேட்க மாட்டார்கள். பெரும்பாலான ரேடியோ நிலையங்கள் போடாது. 1990இல் ஹுவான் லூயிஸ் கெர்ரா என்ற பாடகர் பச்சாத்தாவை வைத்து ஓர் ஆல்பம் போட்டார். கிராமி விருது கிடைத்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2016இல் மெரெங்கேயையும் 2019இல் பச்சாத்தாவையும் சேர்த்தது. வெளியிலிருந்து ஒரு சான்றிதழ் வருகிற வரைக்கும் சொந்த வீட்டில் மதிப்பில்லை. இந்தக் கதை நமக்கும் தெரிந்த கதைதானே?

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். அங்கே பிள்ளைகள் போகிற மாதிரி, இங்கேயும் ஒரு மாணவி வந்தார். நம் அவிநாசிபாளையத்திலிருந்து கிழக்கே போனால் காங்கேயம். அந்த வட்டாரத்தில் ஓலப்பாளையம் என்ற கிராமம். 1964இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவி பிரெண்டா பெக் அங்கே வந்து, 1966 வரை தங்கினார். தமிழ் பேசி, ஜனங்களோடு இருந்து, 1965இல் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுகிறவர் வாயாலேயே, இரவு இரவாக, டேப்பில் பதிவு செய்தார். பொன்னர் சங்கர் கதை என்றால் உங்கள் எல்லோருக்கும் தெரியும். வீரப்பூர் படுகளம் பார்த்தவர்களும் இங்கே இருப்பீர்கள். ஆனால் முழுக்கதையையும் ஒரே பாட்டுக்காரர் மனப்பாடமாகப் பாடி, அதை ஒருவர் முழுசாக உட்கார்ந்து கேட்டு எழுதிவைத்தது சாதாரண வேலை இல்லை. அதிலிருந்து 1982இல் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு நூல் வந்தது. 1992இல் சென்னையில் ஆசியவியல் நிறுவனம் அந்தப் பாட்டைத் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டது. பிற்பாடு 26 பகுதிகளாகக் கார்ட்டூன் தொடராகவும் அதே கதையை அவர் எடுத்தார்.

யூடியூப் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். கேட்க ஒரு ஆள் நேரில் வந்து உட்கார்ந்ததால்தான் அந்தப் பாட்டு நூலாயிற்று. பாடுகிறவருக்கு முன்னால் ஆள் இருந்தால்தான் பாட்டு நீளும். எதிரே ஒருத்தரும் இல்லாவிட்டால் சுருங்கும். இன்று நாம் வீடியோவில் பார்க்கிற எல்லாமே, யாரோ ஒருத்தர் பஸ் ஏறிப் போனதால் கிடைத்தது.

இரண்டாவது பதில். வீடியோ கையைக் காட்டும், நம் கையைத் திருத்தாது. வள்ளிக்கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். முருகன் வள்ளி கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடுவது. பார்க்கிறபோது சுலபம். வட்டத்தில் நின்றால்தான் தெரியும், பாட்டு ஓடும்போதே அடுத்த அடவுக்குக் கால் தயாராக வேண்டும், பக்கத்து ஆளின் கைதட்டோடு நம் கைதட்டு சேர வேண்டும் என்று. ஒருத்தர் தப்பினால் வட்டமே தடுமாறும். அதனால்தான் கிராமங்களில் வாத்தியார் வந்து மாதக்கணக்கில் பழக்கி, அதன்பிறகே அரங்கேற்றம் வைக்கிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயா இந்த வள்ளி ஒயில் கும்மிக்காகவே 2024இல் பத்மஸ்ரீ வாங்கினார். அப்போது வயது 87. ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். இன்றைக்கு வள்ளிக்கும்மி அரங்கேற்றம் என்றால் பாதிக்குமேல் பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றால் அவரைப் போன்ற ஆசிரியர்கள் எடுத்த முடிவுதான் காரணம்.

பறையும் அப்படித்தான். பச்சாத்தாவைச் சாராயக்கடைப் பாட்டு என்றார்கள். நாம் பறையைச் சாவு மேளம் என்று சொல்லி, அடிக்கிறவரையும் தள்ளியே நிறுத்தினோம். சாதியைச் சேர்த்துத்தான் தள்ளினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் பிள்ளைகள் பறையை முதன்முதலாகத் தொடுவது, அதை மரியாதையோடு கற்றுக்கொடுக்கிற ஒரு ஆசானின் கையிலிருந்து என்றால், நாம் பழகிய அந்தப் பழைய பார்வை அவர்களுக்குத் தொற்றாது.

மூன்றாவது பதில் கொஞ்சம் சங்கடமானது. பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நம் குரூப்பில் ஒரு புகார் ஓடியது. பின்தெரு லைன் வீடுகளில் சாயந்திரம் மேளச் சத்தம், வடக்கத்தி ஆட்கள் ஆடுகிறார்கள், போலீஸில் சொல்லலாமா என்று. விசாரித்துப் பார்த்தேன். ஜார்க்கண்ட் பிள்ளைகள், ஆவணி புரட்டாசி வாக்கில் வருகிற அவர்களுடைய கரம் திருவிழா. மரக்கிளையை நட்டு, அதைச் சுற்றிக் கைகோத்து வட்டமாக ஆடுவது. மாந்தர் என்கிற மேளம், இரண்டு முகமும் கையாலேயே அடிப்பது. வட்டம், மேளம், பாட்டு. பெயரை மாற்றிச் சொன்னால் நம் கும்மி என்பீர்கள். பகலெல்லாம் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் நின்ற கால்கள்தான் சாயந்திரம் ஆடின. இரவு பத்து மணிக்குமேல் சத்தம் என்றால் நானே போய்ச் சொல்வேன். ஏழு மணிக்கு ஆடுவதைப் போலீஸில் சொல்ல என்ன இருக்கிறது? டிக்கெட் வாங்கி இன்னொரு நாட்டுக்குப் போய்ப் பார்ப்பதைக் கலாசாரப் பரிமாற்றம் என்கிறோம். அதுவே தேடி வந்து பின்தெருவில் நின்றால் சத்தம் என்கிறோம்.

நம் குடியிருப்பிலிருந்தே வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. அங்கே ஹாஸ்டலில் முதல் மாதமே ஒரு கேள்வி வரும்: உங்கள் ஊர் ஆட்டம் எது, ஆடிக் காட்டு. சினிமாப் பாட்டுக்கு ஆடலாம், தப்பில்லை. ஆனால் அதை அவர்களும் போனில் பார்த்திருப்பார்கள். கும்மியின் நாலு அடவு தெரிந்த பிள்ளை, அந்த அறையில் இருக்கிற பத்துப் பேரையும் வட்டத்தில் நிறுத்திவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்றுதான்.

ஒன்று, ஒரு பஸ், ஒரு நாள். காலையில் கும்மியோ பறையோ ஒரே ஒரு கலை. மூன்று நான்கையும் திணிக்க வேண்டாம். கற்றுக்கொடுக்கிறவருக்கு முறையான சம்பளம், பொன்னாடையோடு நிறுத்திவிடக்கூடாது. முதல் இரண்டு மணி நேரம் போன் பையில் இருக்கட்டும். சாயந்திரம் பக்கத்தில் ஏதாவது ஊரில் அரங்கேற்றம் இருந்தால் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இரண்டு, பெரியவர்களும் நாலைந்து பேர் கூட வர வேண்டும். நம்மில் பல வீடுகளில் உடுக்கைப் பாட்டு கேட்டு வளர்ந்த அம்மாக்கள், அப்பச்சிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்சீட்டு.

மூன்று, ஆண்டு விழாவில் டிஜே நேரத்தில் அரை மணி குறைத்து, நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டதை ஆடட்டும். அதே மேடையில் பின்தெரு பிள்ளைகளையும் கூப்பிட்டு அவர்கள் ஆட்டத்தை ஆடச் சொல்வோம். அழைப்பைச் சங்கத்தின் பெயரில், அவர்களுக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுப்போம். இந்தி தெரிந்தவர்கள் நம் பி பிளாக்கிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

செலவுக் கணக்கைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன், நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறது. கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் கை தூக்குங்கள், எண்ணிவிடலாம்.