பார்க்கத் தகுந்த இரு திரைப்படங்கள்

எந்தத் திரைப்படத்தைப் பார்க்கலாம் என்று மாணவர் என்னிடம் கேட்பதுண்டு. இரண்டைச் சொல்வேன்.

ஒன்று, பாலா இயக்கி 2013 இல் வெளிவந்த 'பரதேசி'. மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்ற நாவலைத் தழுவியது. கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பித் தேயிலை மலை ஏறியவர்கள், கடனில் சிக்கி ஊர் திரும்ப வழியின்றித் தவிக்கிறார்கள். நம் பாட்டன் பூட்டன் கதையும் அதுதானே! ஆனால், அழுகுரல் சற்று மிகுதி.

மற்றது, லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). சுமை தூக்கிப் பிழைக்கும் ரெங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்குவதே கனவு. வாங்கியதையும் இழக்கிறான். முடிவில், அந்த நிலத்தில் எழுந்த காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். இதை இரைச்சலின்றிச் சொல்கிறார் இயக்குநர்; மனம் கனத்துப் போகிறது.

கேகாலை இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியும், காணி உறுதி என்ற ஒன்றைக் கண்ணாற் காணாமல் லயக் காம்பராவில் வாழும் குடும்பங்கள் பல. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ரெங்கசாமியை நான் விளக்கத் தேவையில்லை. ஒன்றுக்குத்தான் நேரமுண்டு என்றால், இரண்டாவதைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பாருங்கள்.