அருவியா? ஆழ்கடலா?

நடுவர் அவர்களே! எதிரணி அம்மையார் கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் செந்தோசாத் தீவுக்குப் போகச் சொல்கிறார். கடலும் இருக்கு, தண்ணீர்ப் பூங்காவும் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கடற்கரை மணலே வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொட்டினதுங்கய்யா! (சிரிப்பு)

எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்வராயன் மலையிலே பெரியார் அருவி, மேகம் அருவி. யாரும் வாங்கிக் கொட்டலே.

'மே மாசம் அங்கே தண்ணி வருமா?'ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்வி. நூலாத்தான் ஒழுகும். நல்ல மழை பெய்தால்தான் அது அருவி. ஆகவே கோடையை விடுங்கள். டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்குத் திட்டம் போடுங்கள். வெள்ளம் வந்தா மட்டும் இறங்காதீங்க.

எங்க வீட்டிலேயும் வெளிநாட்டுக்குக் கணக்குப் போட்டோம். நாலு பேருக்குத்தான் பணம் எட்டியது. ஐந்தாவது ஆள் எங்கம்மா. "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்"னாங்க. அவங்களுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. கணக்குத் தாளை மடிச்சு வெச்சுட்டேன்.

டிசம்பரில் ஐந்து பேரும் மலைக்குப் போனோம். வெள்ளிமலை போற வழியிலே பெரியார் அருவி. அம்மா பாறையிலே உட்கார்ந்து காலை நனைச்சாங்க. பேத்தி கைநிறையத் தண்ணி அள்ளி வீசினா. "கிளம்பலாமா?"ன்னேன். "நீ போடா, நாங்க ரெண்டு பேரும் அப்புறமா வர்றோம்"னாங்க! (பலத்த கைதட்டல்)