மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மலைக்குப் போகாதீர்கள்
(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சாப்பிடாமல் இரத்தம் பார்த்து 126க்கு மேல் வந்து, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் சீனி வியாதி என்று டொக்டர் எழுதிவிடுவார். அன்றைக்கே நாம் தேத்தண்ணியில் சீனியை நிறுத்துகிறோம். நல்லதுதான். ஆனால் பயத்தில் காலைச் சாப்பாட்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறோமே, அதுதான் ஆபத்து.

கிளினிக்கில் தருகிற எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்போமின் தனியாக எடுத்தால் சீனி அபாயமாக இறங்குவது குறைவு. கிளிக்லசைட் போன்றவை நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். வெறும் வயிற்றில் கூடையோடு மலை ஏறினால் பத்து மணிக்குள் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் மங்கும், பேச்சுக் குழறும். பக்கத்து நிரையில் இருப்பவர் அதைக் களைப்பு என்று நினைப்பார். கங்காணி கள்ளம் என்று நினைப்பார். சரிவில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்படி வந்தால் உடனே உட்கார வைத்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கொஞ்சம் சீனியைப் பொட்டலம் கட்டி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சீனி வியாதிக்காரி சீனி சுமக்கிறாள் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பக்கத்து நிரைக்காரிக்கும் கங்காணிக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி. வெள்ளைச் சீனி மட்டும் சீனி இல்லை. கோதுமை மா ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு எல்லாம் வயிற்றுக்குள் சீனியாகத்தான் மாறும். குரக்கனும் மாச்சத்துத்தான், அளவு வேண்டும். மூன்று தடித்த ரொட்டியும் சம்பலும் என்பதை இரண்டு மெல்லிய ரொட்டி, பருப்பு, ஒரு பிடி கீரை என்று மாற்றிப் பாருங்கள். தினமும் முட்டை, மீன் என்று துண்டில் எழுதித் தருவது எழுதுபவருக்குச் சுலபம். நாட்சம்பளத்தில் வாங்குவது நாம். பருப்பையும் லயத்துக்குப் பின்னால் வளர்கிற வல்லாரையையும் வாங்க முடியும், பறிக்க முடியும்.

கால் மரத்துப்போனால் அட்டை கடித்ததும் மிலாறு குத்தியதும் தெரியாது. இரவில் காலைக் கழுவி, விரலிடுக்குவரை பாருங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண்ணுக்கும் மருந்து கட்ட வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசு இல்லை. ஆனால் கிளினிக் நாளில் ஒரு பேர் போகிறது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று பலர் மருந்தை விடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இதைத் துரையிடம் வெறும் வாயால் பேசிப் பயனில்லை. இந்த மாதம் கிளினிக்குக்குப் போய்ப் பேர் இழந்தவர்கள் கிளினிக் கொப்பியோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். நாளையும் டிவிசனையும் எழுதிக்கொள்வோம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போகிறோம்.