பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது யார்? கூட்டுவது யார்?

(ஓர் ஆரம்பப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் காரியங்களில் பொறுப்பும் தலைமையும் கொடுப்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தலைமை என்று சிலர் சிரிப்பார்கள். அப்படிச் சிரிக்கிறவர் வீட்டிலேயே எட்டு வயதுப் பெண் குழந்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறது. பையன் ஆட்டை ஓட்டிப்போய் ஒன்று குறையாமல் திரும்ப ஓட்டி வருகிறான். வீட்டு வேலைக்கு வயது வந்துவிட்டது, தன் வகுப்புக் காரியத்தைப் பார்க்க மாத்திரம் வயது வரவில்லை என்றால் இதில் என்ன நியாயம் இருக்கிறது?

இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். முன்னே கற்ற பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மேலாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. பெல் அந்த வேலையை ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் ஆகாதென்றதைப் பையன் செய்து காட்டினான். 1797ல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது.

ஆனால் தோழர்களே, திண்ணைப் பெருமை பேச நான் வரவில்லை. அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் ஏற முடிந்ததா? ஏறினவர்களிலும் சட்டாம்பிள்ளை ஒருவன்தான். அவன் கையில் பிரம்பு. மற்றவர்கள் கை நீட்ட வேண்டியவர்கள். இன்றும் உபாத்தியாயர் வெளியே போனால், "பேசுகிறவன் பேரைப் பலகையில் எழுது" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டுப் போவதில்லையா? இதற்குப் பொறுப்பு என்று பெயர்! பத்து வயதில் கோள் சொல்லவும், சிநேகிதன் பேரை மட்டும் விட்டுவிடவும் கற்றுக்கொண்டவன், பெரியவனாகி எப்படி இருப்பான்?

இதைவிட மோசமானது வேலையைப் பங்கிடும் விதம். மணி அடிப்பது, சாவி வைத்திருப்பது, விழாவில் மாலை எடுத்துக் கொடுப்பது எல்லாம் ஊர்ப் பெரியவர் வீட்டுப் பிள்ளைக்கு. துடைப்பம் பெண் குழந்தைக்கு. கக்கூஸ் கழுவுவது இன்ன தெருப் பிள்ளைக்கு என்று நடந்த பள்ளிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! தீண்டாமை ஒழிந்தது என்று 1950ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு சொல்லுகிறது. பள்ளிக்கூடத்துத் துடைப்பம் அந்தச் சட்டத்தைப் படிக்கவில்லை போலும்.

ஜப்பான் தேசத்து ஆரம்பப் பள்ளிகளைப் பாருங்கள். பிள்ளைகள் வெள்ளை அங்கியும் குல்லாயும் போட்டுக்கொண்டு முறைவைத்துத் தம் வகுப்பாருக்குச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். வகுப்பறையைக் கூட்டித் துடைப்பதும் அவர்களே. இன்று சோறு போடுகிறவன் நாளை வாங்கிச் சாப்பிடுகிறான். நம் பள்ளிகளிலும் மதிய உணவு உண்டு. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்திருக்கிறது. இங்கே எல்லாத் தெருப் பிள்ளைகளும் முறைவைத்துப் பரிமாறட்டும். "அவன் கையால் என் பிள்ளை வாங்கிச் சாப்பிடுவதா?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு ஊரார் பதில் சொல்லியே தீரவேண்டிய நாள் அன்றைக்கே வந்துவிடும். பிள்ளைகளோ அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்!

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வருகைப் பதிவேட்டில் உள்ள வரிசைப்படி வாரம் ஒருவருக்கு மணி, ஒருவருக்குத் தண்ணீர்ப்பானை, ஒருவருக்குப் புத்தக அலமாரி, ஒருவருக்குத் துடைப்பம். அடுத்த வாரம் மாற்றவேண்டும். கக்கூஸ் கழுவுவது எந்தப் பிள்ளைக்கும் உரிய வேலையல்ல. அதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கவேண்டும். முதலில் பிள்ளைகள் தப்புச் செய்வார்கள்தான். மணி ஐந்து நிமிஷம் முந்தி அடிக்கும். அதனால் உலகம் முழுகிவிடாது. வகுப்புக்குத் தலைவர் வேண்டுமானால் பிள்ளைகளே சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். மாதம் முடிந்ததும் இறக்கட்டும்.

உபாத்தியாயர்கள் மேல் மட்டும் பாரத்தைப் போட்டுவிட்டு நீங்கள் வீட்டில் இருக்கலாகாது. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வைக்கவேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நாளைக்கே உங்கள் பிள்ளையிடம், இந்த வாரம் உனக்கு என்ன வேலை, போன வாரம் என்ன வேலை என்று கேளுங்கள். இரண்டு வாரமும் துடைப்பம் என்று சொன்னால், குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போய் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.