கெட்டிஸ்பர்க்கில் கண்டதும் கருதியதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே மேடையில், 'உடன்பிறந்தார் போர்' என்னும் பொருள்பற்றி யாம் பேசியது உங்களுள் சிலர்க்கு நினைவிருக்கலாம். உறையூர்க் கோட்டையை முற்றிய நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே கோவூர்கிழார் நின்ற நிலையை அன்று எடுத்துரைத்தோம். இருவர் கழுத்திலும் ஆத்தி மாலை; எவன் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்று அப்புலவர் பெருமான் இடித்துரைத்ததைச் சொன்னோம். பின்னர்க் குருக்ஷேத்திரத்திற்குத் தாவி, அங்கிருந்து கடல் கடந்து அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் சென்று, வடநாட்டாரும் தென்னாட்டாரும் அண்ணன் தம்பியரே, இருசாராரும் ஒருங்கே இரங்கத்தக்கவரே என்று முடித்தோம். கைதட்டல் நிறையவே கிடைத்தது. ஆண்டு மலரிலும் அச்சேறிற்று. அன்பர்களே, அந்தப் பேச்சில் ஒரு பெரும் பிழை இருந்தது. அதை அச்சான இடத்திலேயே திருத்துவது முறையாதலின், இன்று மறுபடியும் உங்கள் முன் எழுந்து நிற்கிறோம்.

இக்காலனியில் மகன் வீடு, மகள் வீடு என்று அமெரிக்கா சென்று மீண்டோர் பலர். நயாகரா அருவியின் முன் நின்று படமெடுத்துக் கொண்டு வருவது நம்மவர் வழக்கம். யாமும் எடுத்துக் கொண்டோம். பிட்ஸ்பர்க் நகரில் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறதல்லவா, அதற்குப் புறப்பட்ட ஒரு சனிக்கிழமை, "வழியினின்றும் சற்றே விலகினால் கெட்டிஸ்பர்க் வரும், அப்பா பேசிய ஊராயிற்றே, பார்த்துவிட்டுப் போவோம்" என்று மகன் வண்டியைத் திருப்பினான். எம் இல்லத்தரசியார்க்குக் கோயில் நடை சாத்திவிடுவார்களே என்ற கவலை. பேரனுக்குப் பீரங்கி பார்க்கும் ஆவல். எமக்கோ, கற்றதைச் சரிபார்க்கப் போகிறோம் என்ற எண்ணம் சிறிதுமில்லை. தெரிந்ததை மறுபடி காணப் போகிறோம் என்ற நிறைவே இருந்தது.

கெட்டிஸ்பர்க் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு சிற்றூர். 1863ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 2,400 பேரே வாழ்ந்தனர். அவ்வாண்டு ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்களில், ஜெனரல் லீயின் தென்னாட்டுப் படையும் ஜெனரல் மீடின் வடநாட்டுப் படையும் அவ்வூரைச் சுற்றிப் பொருதன. மாண்டோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற் போனோர் என எல்லாரையும் கூட்டினால் ஏறத்தாழ 51,000 பேர். ஊர்மக்களைப் போல் இருபது மடங்கினர்! அவ்வூரினர் மாதக் கணக்கில் தம் வீடுகளிலும் மாதாகோயில்களிலும் களஞ்சியங்களிலும் காயமுற்றோரைக் கிடத்திக் காத்தனர்.

இன்றுள்ள அருங்காட்சியகம் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனுள்ளே மேல்மாடத்தில் வட்டவடிவமாக ஓர் ஓவியம் நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. பால் பிலிப்போட்டோ என்னும் பிரெஞ்சு ஓவியர் 1884இல் முடித்தது. நீளம் 377 அடி, உயரம் 42 அடி. மூன்றாம் நாட் பிற்பகலில் தென்னாட்டு வீரர் ஏறத்தாழ 12,000 பேர் மறைவேதுமில்லாத வயல்வெளியில் முக்கால் மைல் தூரம் அணிவகுத்து நடந்து வந்து அழிந்த காட்சி அது. விளக்குகளைத் தணித்துப் பீரங்கி முழக்கத்தை எழுப்பிக் காட்டுகிறார்கள். எங்கு திரும்பினும் புகையும் குதிரையும் விழுந்து கிடக்கும் மனிதருமாக இருக்கிறது. எம் இல்லத்தரசியார் பாதியிலேயே கண்களை மூடிக்கொண்டார்.

கீழ்த்தளத்துப் பேழைகளில் துப்பாக்கிகள், முரசுகள், கடிதங்கள், அறுவை மருத்துவர்தம் இரம்பங்கள். அக்காலத்துத் துப்பாக்கிக் குண்டு மெல்லிய ஈயத்தால் ஆனது. உடம்பிற் பாய்ந்தால் எலும்பைத் துளைத்துச் செல்லாது, நொறுக்கிவிடும். ஆதலால் கையோ காலோ அறுத்தெறிவதன்றி மருத்துவர்க்கு வேறு வழி பெரும்பாலும் இல்லை. மற்றொரு செய்தி எம்மை நெடுநேரம் நிறுத்திற்று. போர் முடிந்தபின் அக்களத்திற் பொறுக்கிய துப்பாக்கிகள் 27,000க்கு மேல் என்றும், அவற்றுட் பெரும்பாலானவை மருந்து திணித்துச் சுடப்படாமலே கிடந்தன என்றும், பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குண்டுகள் திணிக்கப்பட்டிருந்தன என்றும் பதிவு இருக்கிறது. அச்சமோ, ஆரவாரத்தில் தம் துப்பாக்கி வெடித்ததா என்று அறியாத மயக்கமோ, எதிரே நின்றவனைக் கொல்ல மனம் வராமையோ, அறிஞர் பலவாறு கூறுவர். எமக்கு மூன்றாவது காரணத்தில் ஓர் ஆசை. ஆயின் ஆசைப்படுவதற்கும் மெய்க்கும் தொடர்பில்லை என்பதை அடுத்த ஒரு மணி நேரத்திற் கற்றுக்கொண்டோம்.

வெளியே களம் மைல் கணக்கில் விரிந்து கிடக்கிறது. அங்கே 1,300க்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். ஒவ்வொரு படைப்பிரிவிற்கும் ஒரு கல், தளபதிகட்குக் குதிரைமேற் சிலை. இரு தரப்பாருக்கும் இருக்கின்றன. யாம் பேரனுக்கு எம் பழைய பேச்சையே ஆங்கிலத்திற் சுருக்கிச் சொல்லிக்கொண்டு நடந்தோம். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்றோம். ஒன்பது வயதுச் சிறுவன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாத்தா, பள்ளியில் அடிமைகளுக்காகத்தான் சண்டை என்றார்கள். அவர்கள் அண்ணனா, தம்பியா?" என்றான்.

எம்மிடம் விடையில்லை. மகன் எம் முகத்தைப் பார்த்துவிட்டு வேறுபுறம் திரும்பிக் கொண்டான்.

விடையைச் சிறிது தொலைவிலேயே கண்டோம். தென்னாட்டார் ஏறிவந்த அந்த மேட்டின்மேல், வடநாட்டுப் படை நின்ற வரிசையிலேயே, ஒரு சிறு வெள்ளை வீடு இருக்கிறது. அது ஆபிரகாம் பிரையன் என்னும் கறுப்பின உழவருடையது. அடிமையல்லர், உரிமை பெற்ற குடிமகன், 1857இல் 12 ஏக்கர் நிலம் வாங்கிக் கோதுமையும் பழமரங்களும் வைத்துப் பிழைத்தவர். லீயின் படை வருகிறது என்று கேட்டதும் மனைவி மக்களுடன் ஊரைவிட்டு ஓடினார். ஏன்? அப்படை பென்சில்வேனியாவில் நுழைந்தபோது, வழியிற் கண்ட கறுப்பின மக்களை, அவர்கள் உரிமைக் குடிகளேயாயினும், பிடித்துக் கட்டித் தெற்கே அடிமைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றது. அடிமைமுறை நிலவிய மேரிலாந்து எல்லையோ பத்து மைலில்! பிரையன் திரும்பி வந்தபோது வேலியில்லை, பயிரில்லை, வீட்டுச் சுவரெல்லாம் குண்டுத் துளை. இழப்பீடாக ஆயிரம் டாலருக்கு மேற் கேட்டார். அரசு கொடுத்தது 15 டாலர்.

அன்பர்களே, எம் பழைய பேச்சின் பிழை அவ்வீட்டின் முன் விளங்கிற்று. உறையூரில் இருவர் இருந்தனர். பொருள் ஓர் அரியணை. கோவூர்கிழார் சொன்ன அறம் அங்கே பொருந்திற்று. அமெரிக்காவில் மூன்றாமவர் ஒருவர் இருந்தார். 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவர் தொகை ஏறத்தாழ 40 லட்சம். அவரை விற்கலாமா, வாங்கலாமா என்பதே வழக்கின் பொருள். அவரை விட்டுவிட்டு 'அண்ணன் தம்பி' என்று யாம் உருகியது, பாகப்பிரிவினையில் ஆட்டையும் மாட்டையும் எண்ணாமல் விட்டது போன்றதன்று. ஆட்டோடும் மாட்டோடும் சேர்த்து எண்ணப்பட்ட மனிதரை எண்ணாமல் விட்டதாகும்.

'மாநில உரிமைக்காகவே தெற்கு பிரிந்தது' என்று சில நூல்களில் யாமும் படித்ததுண்டு. ஆனால் பிரிந்துபோனவர்கள் தாமே வெளியிட்ட அறிக்கைகளில் மறைவின்றி எழுதியிருக்கிறார்கள். மிசிசிப்பி மாநிலம் அடிமைமுறையைக் காப்பதே தன் நோக்கமென்று தொடக்கத்திலேயே கூறுகிறது. தென்னாட்டுக் கூட்டணியின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், கறுப்பர் வெள்ளையர்க்கு நிகராகார் என்பதே தம் புதிய அரசின் அடிக்கல் என்று 1861 மார்ச்சில் சவானா நகரிற் பேசினார். வடநாட்டாரும் தொடக்கத்தில் அறத்திற்காகவே வாளெடுத்தனர் என்று சொல்லுதற்கில்லை. ஐக்கியத்தைக் காப்பதே லிங்கனின் முதல் நோக்கம். போரின் போக்கிலேயே 1863 ஜனவரி முதல் நாள் விடுதலைப் பிரகடனம் பிறந்தது. அதன்பின் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் வடநாட்டுப் படையிற் சேர்ந்தனர். மூன்றாமவரும் தம் கையாலேயே தம் வழக்கை நடத்தினார் என்க.

பிற்பகலில் இடுகாட்டிற்குச் சென்றோம். வடநாட்டு வீரர் 3,500 பேருக்கு மேல் அங்கே அரைவட்ட வரிசைகளில் உறங்குகின்றனர். பெயர் தெரியாதவர்க்குச் சிறு சலவைக்கல், அதில் ஓர் எண் மட்டும். 1863 நவம்பர் 19ஆம் நாள் அதன் தொடக்க விழாவில் எட்வர்ட் எவரெட் என்னும் பெரும் பேச்சாளர் இரண்டு மணி நேரம் முழங்கினார். பின்னர் எழுந்த லிங்கன் ஏறத்தாழ இரண்டே நிமிடம் பேசினார். எது நிலைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். (செயலாளர் அவர்கள் எமக்கு இருபது நிமிடம் அளித்திருக்கிறார், கடிகாரத்தைப் பார்ப்பதையும் யாம் காண்கிறோம்.) போரில் இரு தரப்பிலும் மாண்டோர் 6,20,000 என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். 2011இல் ஒரு வரலாற்றறிஞர் குடிக்கணக்குகளை ஒப்புநோக்கி, ஏறத்தாழ 7,50,000 ஆகலாம் என்று மதிப்பிட்டார். அவ்வூர்க் கறுப்பினப் போர்வீரர் பெரும்பாலோர் இந்தத் தேசிய இடுகாட்டில் இல்லை. ஊரின் வேறொரு புறத்தில் அவர்கட்குத் தனி இடுகாடு.

1913இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது, இரு தரப்புக் கிழவர்களும் 50,000க்கு மேற்பட்டோர் அங்கே கூடினர். அன்று துப்பாக்கி நீட்டிய அதே கற்சுவரின் மேலாகக் கைகுலுக்கிக் கொண்டனர். அப்படத்தைக் கண்டு கண்ணீர் விடாதார் இல்லை. எம் பழைய பேச்சின் முடிவும் அதுதான். ஆனால் அக்கூட்டத்தில் அடிமைத்தளையைப் பற்றிய பேச்சு பெரிதாக எழவில்லை. அந்நாளில் தென்மாநிலங்களிற் கறுப்பின மக்களின் வாக்குரிமை சூழ்ச்சியாற் பறிக்கப்பட்டிருந்தது. அது சட்டத்தால் உறுதியாக மீள 1965ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அண்ணனும் தம்பியும் சமாதானமானார்கள், உண்மை. அதன் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதை அப்படம் காட்டாது.

இதெல்லாம் அயலார் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்களாயின், நாம் வாழும் இந்த மும்பையையே காட்டுவோம். போர் மூண்டதும் லிங்கன் தென்துறைமுகங்களை அடைத்தார். லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன. விலை வானளாவிற்று. பம்பாய்ப் பருத்தி வணிகர் கைகளிற் பவுன் மழை பொழிந்தது. அப்பணத்திற் கம்பெனிகள் முளைத்தன; கடலைத் தூர்க்கும் ஒரு கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 வரை ஏறிற்றாம். பருத்தி மன்னர் பிரேம்சந்த் ராய்சந்த் 1864இல் அளித்த நன்கொடையே, பின்னர் தம் அன்னை பெயரால் இராஜாபாய் கோபுரமாக நிமிர்ந்து நிற்கிறது. 1865 ஏப்ரலில் லீ சரணடைந்தார். செய்தி வந்ததும் விலை சரிந்தது; அவ்வாண்டு ஜூலையில் பங்குச் சந்தை நொறுங்கிற்று. அங்கே எத்துணை நாள் பிணம் விழுந்ததோ அத்துணை நாள் இங்கே இலாபம். நெல்லைச் சீமைக் கரிசற் பருத்தியும் தூத்துக்குடி வழியே அச்சந்தைக்குச் சென்றதுதான். நம் பாட்டன்மார் சிலர் அக்காலத்தில் நல்ல விலை கண்டிருப்பர்.

அதே 1862ஆம் ஆண்டின் இறுதி நாளில், மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர், பஞ்சின்றி வேலையும் வேலையின்றி உணவும் இழந்திருந்தவர்கள், கூட்டம் கூட்டி லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்து எழுதினர். எல்லாத் தொழிலாளரும் அவ்வாறு எண்ணினர் என்பதில்லை. ஆயினும் பசித்தவர் அவ்வாறு எழுதினர். லிங்கன் அடுத்த மாதமே நன்றி கூறி விடை எழுதினார். இதைப் படித்தபின் யாம் இராஜாபாய் கோபுரத்தை முன்போல நிமிர்ந்து பார்க்கவில்லை. அழகிய கோபுரந்தான், ஐயமில்லை.

கோயில் நடை சாத்துமுன் பிட்ஸ்பர்க் சேர இயலவில்லை. மறுநாட் காலையிற் பெருமாளைச் சேவித்தோம். வழியெல்லாம் பேரன் எம்மை ஒன்றும் கேட்கவில்லை. கடையில் வாங்கிய நீலச் சட்டை, சாம்பல் சட்டைப் பொம்மை வீரர்களை வண்டியின் இருக்கையில் அடுக்கிக்கொண்டு வந்தான். தூங்கும் முன், "அந்த வெள்ளை வீட்டுக்காரருக்கு மீதிப் பணம் கொடுத்தார்களா?" என்று மட்டும் வினவினான். இல்லையென்றோம்.

எம் பழைய பேச்சு அச்சான மலரின் படி ஒன்று நம் சங்க நூலகத்தில் இருக்கிறது. பள்ளிப் போட்டிகட்கு நம் பிள்ளைகள் அதிலிருந்து எழுதிச் செல்வதும் எமக்குத் தெரியும். இவ்வுரை அச்சானதும் அதன் படியொன்றை அப்பழைய மலரோடு சேர்த்துத் தைத்து வைக்குமாறு நூலகரை வேண்டியிருக்கிறோம், அவரும் இசைந்திருக்கிறார்.